செங்கோட்டை வண்டி கடந்த அணு

இரவில்தான் அளக்க முடியும்.
பகலில் பேட்டைச் சாலையில் எம்-சாண்ட் லாரிகள்
ஒவ்வொன்றும் என் ஊசியை உதைத்துவிட்டுப் போகும்.
மின்விசிறியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி
மூச்சையும் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.
நாலு ரப்பர் கயிற்றில் தொங்கும் கருங்கல் பலகை,
அதன்மேல் கருவி.
'தொட்டிலா மேடம்?' என்றார்
காவலாளி சுடலையாண்டி.
தொட்டில்தான். ஆட்டக் கூடாத தொட்டில்.

பதினேழாம் மாதிரி.
பெயர் எழுதக் கூடாதென்பது விதி.
ஆனால் ரத்தம் எடுத்தது நான்தானே:
மேலப்பாளையம், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை,
மடியில் சுளவு, சுளவில் இலை, தூள்.
இடது கையை நீட்டிவிட்டு
வலது கையால் நூல்கண்டைத் தேடினாள்
செய்யதலி பாத்திமா.
'பிள்ள, ஒன் மிசின்ல தூளு தெரியுமா?
ரத்தத்துல ஒட்டிக் கெடக்கும்லா?'

பார்ப்போம் என்றேன்.

காக்காப்பொன் தகட்டில் செலோடேப் ஒட்டி
ஓர் அடுக்கு உரித்தால்
மேடு பள்ளமே இல்லாத தரை கிடைக்கும்.
அதில் ஒரு துளி.
பெயர்தான் நுண்ணோக்கி.
இது எதையும் நோக்குவதில்லை. தொடுகிறது.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு கோடு,
ஓர் அணுவுக்கு இருபது நிமிடம்.
சிவப்பு கிடையாது. அந்த அளவில்
நிறம் என்று ஒன்றுமே கிடையாது.
திரையில் வரும் கருப்பட்டி நிறம்
மென்பொருள் கொடுத்தது.
மாற்றலாம். நான் மாற்றவில்லை.

முதல் படத்தில் முகடு முகடாய் ஏதோ.
தூள்!
கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.
சந்தேகத்துக்கு மறுபடி கழுவினால்
உப்பு.
நான் ஊற்றிய கரைசல், நான் காயவிட்டதில் பூத்தது.
என் உப்பை அவள் ரத்தத்தில் பார்த்து
இரண்டு நாள் சந்தோஷமாய் இருந்திருக்கிறேன்.

அடுத்ததைப் பதப்படுத்த மறந்து
வெறும் தண்ணீரில் அலசினேன்.
வீங்கி, வெடித்து, தோல் மட்டும் மிஞ்சியது.
பாடப்புத்தகம் இதைப் பேய் என்கிறது.
அடியில் பின்னியிருந்த வலையின்
கண்கூடத் தெரிந்தது. அழகுதான்.
ஆனால் நான் கேட்டது பேய் இல்லை.

மூன்றாவது சரியாக வந்தது.
விளிம்பு ஏறி, நடுப்பள்ளம் இறங்கி
மறுபடி ஏறும்போது
முந்நூற்று நாற்பதாம் கோட்டில்
தாமதமாய்ப் போனது செங்கோட்டை வண்டி.
எட்டுக் கோடு நடுங்கியது. அவ்வளவுதான்.
அத்தனை பெட்டியும்
ஏழு மைக்ரானுக்குள் ஓடிப்போயிருந்தன.
திருத்தும் வசதி உண்டு. திருத்தவில்லை.

சொரசொரப்பு அவளுக்கு
மூன்று புள்ளி ஒன்று நானோமீட்டர்.
பீடி சுற்றாதவர்களுக்கு இரண்டு புள்ளி ஏழு.
பிழை, கூட்டியோ குறைத்தோ, ஒன்று.
அதாவது ஒன்றும் சொல்ல முடியாது.
ஒன்றும் சொல்ல முடியாததை
ஒழுங்காக எழுதி முடிக்க நாலு மாதம்.

படத்தை எடுத்துக்கொண்டு போனேன்.
விதியில் இதற்கும் இடமில்லை.
வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'இது சுளவுல்லா?'
'நடுவுல குழிஞ்சு, ஓரம் தூக்கி... ஆமா.'
'தூளு?'
'இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.'
'இதத்தான் டாக்டரும் சொன்னாரு,
நூத்தம்பது ரூவா வாங்கிட்டு.'

விரல் அந்த எட்டுக் கோட்டில் நின்றது.
ரயில் என்றேன்.
'நா ரயிலே ஏறுனதில்லியே.'
சிரித்தாள், இருமலில் போய் முடிந்தது அது.
'இது இப்பவும் உள்ள ஓடுதா?'
'இல்ல. நூத்திருவது நாள்தான் ஆயுசு.
கூடப் பொறந்ததும் போயிருக்கும்.'
'மவுத்தாப் போச்சா' என்றாள்,
தெரிந்த யாரையோ கேட்பதுபோல.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு
ஊறிய இலையில் தகட்டை வைத்து
வெட்டத் தொடங்கினாள்.
நாலு மணிக்குக் கடை அடைப்பார்கள்.
இன்னும் இருநூற்று முப்பது பாக்கி.