கேள்வியில் பதில் இருக்கக்கூடாது

கோபத்துக்கு நான்கு.
அடிதடிக்கு ஆறு.
இரண்டுக்கும் நடுவே
ஒண்டுக்குடித்தனம் போல ஐந்து:
ஆர் நாற்பத்தைந்து புள்ளி ஐந்து.
தமிழில் பகைமை என்று சொல்லலாம்.
ஆனால் நம்மூரில் பகைமைக்கு இரண்டு பேர் வேண்டும்.
இந்த எண்ணுக்கு ஒருத்தர் போதும்,
அதுவும் படுத்திருப்பவர்.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மேம்பாலத்தை ஒட்டி
செல்போன் கடைக்கு மேல் மாடி.
ராத்திரி ஏழிலிருந்து நாலு வரை
ஓஹையோக்காரர்களின் நோவுக்கு எண் போடுகிறேன்.
மணிக்குப் பன்னிரண்டு சார்ட்.
ஒருவர், வயது எழுபத்தொன்று,
சாப்பாட்டுத் தட்டை எறிந்திருந்தார்.
டாக்டர் எழுதியது ஒரே சொல்: ஹாஸ்டைல்.
தட்டில் என்ன இருந்தது என்பது இல்லை.
ஐந்து போட்டேன். அடுத்தது.

பயிற்சியில் மனப்பாடம் ஆனவை இரண்டு.
எழுதாதது நடக்கவில்லை.
காரணம் தெரிந்துவிட்டால்
அறிகுறிக்குத் தனி எண் கிடையாது.
நிமோனியா என்று தெரிந்த பிறகு
இருமலை யார் எண்ணுகிறார்கள்?

ஜூன் பதினெட்டு.
மாங்கூழ் பேக்டரியில் பல்பருக்குள் போனது
திம்மராயனின் மோதிர விரல்.
பதினொரு அழைப்புகள்.
என் போன் லாக்கருக்குள் இருந்தது,
அமெரிக்கர்களின் ரகசியம் காக்க.

டிஸ்சார்ஜ் தாளை நான்தான் வாசித்தேன்.
கிறுக்கல் எனக்குப் பழகின கை.
மது வாடை, பக்கத்தில் ஒரு பிளஸ்.
முரட்டுத்தனம். கத்துகிறார். ஒத்துழைப்பு இல்லை.
பெருக்கல் குறி போட்ட இடத்தில் கட்டைவிரல் ரேகை,
கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்கு.

மே முடிந்தால் எங்கள் தலையணை உறை
பெங்களூரா நாறும்.
பழுத்து, புளித்து, நுரைத்து,
துவைத்தாலும் போகாத கள்ளு வாடை.
ஆடி பாதி வரைக்கும் அப்படித்தான்.
இந்த மனுசன் கல்யாணத்துக்கு முன்னால்
ஒரே ஒரு பீர் குடித்துவிட்டு
பர்கூர் பஸ் ஸ்டாண்டில் வாந்தியெடுத்தவர்.
அது எந்தத் தாளிலும் இல்லை,
ஆகவே நடக்கவில்லை.

ஓஹையோ என்றால் டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம்.
கேள்வியில் பதில் இருக்கக்கூடாது, அதுதான் விதி.
மாம்பழ வாடையா என்று கேட்டால் தப்பு.
வாடையின் காரணத்தைத் தெளிவுபடுத்தவும்
என்று கேட்டால் சரி.
இங்கே யாருக்கு அனுப்ப?
கையெழுத்து ஒரு வளைந்த கோடு.
போட்ட பெண்ணுக்கு அது
தூங்காத முப்பதாவது மணி நேரமாக இருக்கலாம்.
எழுதவில்லை, நான் ஊகிக்கக்கூடாது.

பேக்டரி மேனேஜர்
மது வாடை வரியில் மட்டும் மஞ்சள் கோடு போட்டு
மூன்று ஜெராக்ஸ் எடுத்துவைத்திருக்கிறார்.
நஷ்ட ஈட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது அவருக்கு,
தராமல் இருப்பதற்கு.

ஒரு விடியற்காலை, ஷிப்ட் முடிந்து வந்து,
கட்டு மாற்றும்போது கேட்டேன்.
விதிப்படிதான் கேட்டேன்:
"அன்னிக்கு என்ன ஆச்சு?"

"ஊசி போடற வரைக்கும் பேசாமத்தான் இருந்தேன்.
ஐஸ் டப்பாவுல வெரல் இருந்துச்சு இல்ல,
முனிரத்தினம் கொண்டாந்தான்.
யாரோ அதை மேசைக்கு அடியில தள்ளிட்டாங்க.
டப்பா எங்கன்னு கேட்டேன்.
குடிச்சிருக்கியான்னு கேட்டாங்க.
டப்பா எங்கன்னேன்.
எவ்வளவு குடிச்சேன்னாங்க.
அப்புறம் கொஞ்சம் சத்தமாக் கேட்டேன்."

பஞ்சை டெட்டாலில் நனைத்தேன்.
ஐஸ் உருக எவ்வளவு நேரம் ஆகும் என்று
இருவருமே பேசவில்லை.

அன்றிரவு பழைய சார்ட்டைத் திறந்தேன்.
தட்டை எறிந்தவர். கேள்வி தட்டினேன்:
எறிவதற்கு முன் நோயாளி ஏதாவது கேட்டாரா?
தெளிவுபடுத்தவும்.

ஆடிட்டில் அரை மார்க் போனது.
தேவையற்ற கேள்வி.
பதிலுக்கு ஏழு நாள் கெடு.
வந்தால் எண் மாறலாம்.
வராவிட்டால் ஐந்து.