காணாமல் போன அரைமணி

ஆறு நாற்பது. ஜெலுத்தோங் சாலை விளக்குகள்
இன்னும் அணையவில்லை.
என் வேனில் பதினோரு பிள்ளைகள்,
பதினோரு தண்ணீர்ப் போத்தல்கள்,
ஒரு பம்பளிமாஸ்.

"இருட்டா இருக்கே, இது எப்படிக் காலை?"
முதலாம் ஆண்டு ரித்தீஷ் கேட்கிறான்,
காலணிகளை இடவலம் மாற்றிப் போட்டபடி.
கேள்வி எனக்குத்தான்.
அதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

ஐந்தாம் ஆண்டு துர்ஷினி பழத்தைத் தூக்கிக் காட்டுகிறாள்:
"இது பூமி. காம்பு, வடதுருவம்.
உள்ளே சுளை சுளையா இருக்கும்ல,
சுளைக்கும் சுளைக்கும் நடுவே
மேலேருந்து கீழ்வரைக்கும் ஒரு கோடு.
அதான் தீர்க்கரேகை.
தரையில தேடாதே, யாரும் வரையலை.
சூரியன் நடக்கலை, நாமதான் சுத்துறோம்.
ஒரு சுளை வெயில்ல திரும்பி முடிய ஒரு மணி நேரம்.
இருபத்துநாலு சுளைன்னா ஒரு நாள்."

உரித்தார்கள்.
இருக்கை உறையெங்கும் வெள்ளைப் பஞ்சு.
எண்ணினார்கள். பதினேழு.
"அப்போ பதினேழு மணிதானா ஒரு நாளைக்கு?"
"பழம் தப்பு," என்றாள். "பூமி சரி."

பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம்போல:
"நம்ம தீவு நூறாவது கோட்டுப் பக்கம்.
நம்ம கடிகாரம் ஓடுறதோ
நூற்றிருபதாவது கோட்டைப் பார்த்து.
அது சபாவுக்கும் அந்தாண்டை, கடல்ல கிடக்கு.
அங்க விடிஞ்சு இங்க விடிய
கிட்டத்தட்ட எண்பது நிமிஷம்.
பன்னிரண்டு மணிக்குக் கொடிக்கம்பத்து நிழலைப் பாரேன்,
இன்னும் சாய்ஞ்சே இருக்கும்.
ஒன்றேகால் வாக்குலதான்
பூனை மாதிரி சுருண்டு படுக்கும்."

"அப்போ கடிகாரம் பொய் சொல்லுதா?"

"பொய் இல்லடா.
எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிட்டது."

நானும் வாயைத் திறந்தேன்.
எண்பத்தொன்று முடிகிற இரவு, எனக்கு எட்டு வயது.
பதினொன்றரை ஆனதும் முள்ளைத் தள்ளிப்
பன்னிரண்டில் வைத்தார்கள்,
சபாவும் நாமும் ஒரே மணி பார்க்க.
கொளுத்தாத மத்தாப்பும் கையுமாய்
அப்பாவிடம் கேட்டேன்,
நடுவிலிருந்த அரைமணி எங்கே என்று.
அப்பாவுக்குத் தெரியவில்லை.
நாற்பது சொச்சம் வருடமாய்
அவ்வப்போது ஞாபகம் வரும்,
பெட்ரோல் போடும்போது, பல் தேய்க்கும்போது.

வேனில் கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம் மட்டும்.

ரித்தீஷ் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வெளியே பார்த்தான்.
"அது தொலையலை ஆன்ட்டி.
ராத்திரியிலேருந்து எடுத்துக்
காலையில வெச்சுட்டாங்க.
இதோ, இந்த இருட்டுதான்.
நான் தினமும் இதுலதானே தூங்குறேன்."

சொன்னவன் பையில் தலை சாய்த்து
அப்படியே தூங்கியும் போனான்.
முகப்பு விளக்கை ஒருமுறை அணைத்துப் பார்த்தேன்,
ஒரே ஒரு நொடி.
பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது.

துர்ஷினி ஒரு சுளையை முன்னால் நீட்டினாள்.
"இது எத்தனை மணிச் சுளை?" என்றேன்.

"தின்னுங்க ஆன்ட்டி," என்றாள்,
"லேட்டாகுது."