இரண்டு காற்றுக்கு நடுவே

ஐப்பசி பிறக்க இன்னும் ஒன்பது நாள்.
கச்சான் இளைத்துவிட்டது.
ஆடியில் தகரக் கூரையைத் தூக்கிப் பார்த்த காற்று
இப்போது என் துப்பட்டாவைக்கூட
யோசித்துத்தான் தொடுகிறது.

கூட்டுறவு வங்கியில் ஐந்தேகாலுக்குக் கணக்கு முடியும்.
ஒரு ரூபாய் இடித்தால் ஐந்தரை.
உச்சிப்புளி ரயில்வே கேட் மூடிக் கிடந்தால்
அது யார் கையிலும் இல்லை.
ஆவணியில் இத்தனையும் போக
முக்கால் மணி வெளிச்சம் கையில் மிஞ்சும்.
இப்போதெல்லாம் சூரியன்
மேனேஜரைப் போல
முன்னதாகவே கிளம்பிவிடுகிறது.

அதனால்தான் வண்டியை முறுக்குகிறேன்.
புதுமடம் கரையில் ஜெஸிந்தா நிற்பாள்,
ஸ்கேன் சென்டர் அடையாள அட்டையைக் கழற்ற மறந்து,
கக்கத்தில் பட்டத்தோடு.

அது முன்பு என் குடை.
ஆடிக் காற்று ஒரே உதறலில் அதன் கம்பிகளை ஒடித்தது.
துணி மட்டும் பிழைத்தது.
எட்டு முக்கோணத்தில் ஆறு தேறின,
ஜெஸிந்தா இரட்டைத் தையல் போட்டாள்.
உடைந்த தூண்டில் கோல் முதுகெலும்பு,
தங்கூசி நரம்பு நூல்.
நாற்பத்தொரு வயதில் பட்டமா என்று கேட்ட சீனி நைனாதான்
அந்த நரம்பையும் கொடுத்தார்,
ஏலக்கடை நோட்டில் எழுதிக்கொண்டு.

கச்சானுக்குக் கடலைப் பார்க்க முடியாது.
முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்து நிற்க வேண்டும்.
பட்டம் ஊர்ப்பக்கம் போகும்,
பள்ளிவாசல் மினாராவைத் தாண்டி,
பனைகளைத் தாண்டி,
கருவேலங்காட்டுக்கு மேல் ஒரு கரும்புள்ளியாக.
புரட்டாசி முதல் வாரம் ஒருமுறை அறுந்தது.
மறுநாள் கவுண்டரில் ஒரு பையன்
அம்மாவின் பாஸ்புக்கோடு சேர்த்து
மடித்த பட்டத்தையும் நீட்டினான்.
இரண்டையும் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.
இது உங்களோடதுதான் என்றான்.

இப்போது காற்றில்லை.
நேற்று நைனாவின் எக்ஸெல் வண்டியின் பின்னால்
நான் தலைகீழாய் உட்கார்ந்து நூலைப் பிடிக்க
ஜெஸிந்தா ஈரமணலில் ஓட்டினாள்.
வண்டி ஓடுகிறவரை பறந்தது.
நின்றதும்
வெட்கப்பட்டதுபோல் தரையில் படுத்துக்கொண்டது.
வலை உலர்த்திய பெண்கள் சிரித்த சிரிப்பு
இன்னும் காதில் இருக்கிறது.

சரி, பறக்காவிட்டால் போகட்டும்.
இந்தச் சில நாள்தான் கடல் வாய்மூடி இருக்கும்.
சுடிதாரோடு இடுப்பளவுக்கு இறங்கினோம்.
குனிந்தால் சொந்தக் கால்விரல்களை எண்ணலாம்,
கோரைக்குள் ஒரு நட்சத்திர மீன்
எந்த அவசரமும் இல்லாமல் கிடந்தது.
தண்ணீரின் மேல்பாகம் வெயிலை வைத்திருந்தது,
கணுக்காலில் மட்டும்
வேறு ஏதோ மாதம்.
மிதந்தபடி ஜெஸிந்தா
தாம்பரம் மாற்றல் உத்தரவைப் பற்றிச் சொன்னாள்.
தை முதல் தேதியாம்.
நான் காதுவரை மூழ்கியிருந்தேன்.
கேட்டது என்று சொல்லவில்லை.

ஐப்பசி நாலாம் நாள்
வங்கிக் காலண்டர் எதிர்ப்பக்கச் சுவரில் மோதியது.
வாடை.
ஒரு ரூபாய் இடித்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்தேன்.
கேட் திறந்திருந்தது.

அதே கரை, அதே நாங்கள்,
திரும்பி மட்டும் நின்றோம்.
முதுகில் ஊர், முகத்துக்கு நேரே கடல்.
பட்டம் கையைவிட்டுக் கிளம்பியதே தெரியவில்லை.
வள்ளங்களைக் கடந்தது,
முயல்தீவுப் பக்கம் மூக்கைத் திருப்பியது.
நரம்பு விரலைக் கீறியது.
இங்கே அறுந்தால்
யார் கவுண்டருக்குக் கொண்டுவருவார்?
விடு, இன்னும் விடு என்றாள் ஜெஸிந்தா.
விட்டேன்.

முதல் துளி அவள் அடையாள அட்டையில் விழுந்தது.
பிறகு எங்கும்.
நைனா ஏலக்கொட்டகையிலிருந்து கத்தினார்:
குடை இல்லையா உங்களுக்கு?

இருக்கிறது என்று
மேலே காட்டினோம்.