பதினொரு கிலோ அறுநூறு

பழையது இருபத்து மூன்று கிலோ.
பெட்டியோடு முப்பத்தொன்று.
மன்னார்குடி பேருந்து நிலையத்தில்
அதைப் பின்படியில் ஏற்றும்போதுதான்
என் முதுகுக்குள் ஏதோ ஒன்று
சுருதி இறங்கியது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல பிதுங்கியிருக்கு
என்றார் டாக்டர்.
என்ன வேலை செய்றீங்க?
கீபோர்டு வாசிக்கிறேன்.
உட்கார்ந்து செய்ற வேலைதானே, என்றார்.

குழு நடத்தும் செல்லக்கண்ணுக்கு
இதில் குழப்பமே இல்லை.
'அறுபத்தொரு கட்டை, நாலு கிலோ,
கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போயிடலாம் ரெஜினா.
திருவிழாக் கூட்டத்துல
எவன் உன் விரலைப் பாக்குறான்?'

சரிதான்.
ஆனால் அந்தக் கட்டைகளுக்கு அடியில் வெறும் ஸ்பிரிங்.
தொட்டால் விழும், விட்டால் துள்ளும்,
எதைச் சொன்னாலும் தலையாட்டும்
மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.
எனக்கு எதிர்த்துப் பேசுகிற கட்டை வேண்டும்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சுத்தியல் அசைய வேண்டும்,
இடக்கைப் பக்கம் கனத்து
வலக்கைப் பக்கம் போகப் போக இளகி.

கனம் வேண்டும். கனம் கூடாது.
இந்த ஒரே புலம்பலோடு
மூன்று மாதம் கடை கடையாக ஏறினேன்.

தஞ்சாவூர்க் கடைப் பையன்
தயங்கித் தயங்கிக் கடைசியாகக் காட்டினான்.
'இதுக்குள்ள சத்தமே கிடையாதுக்கா.
லேப்டாப்ல மாட்டினாத்தான் பேசும்.'
சத்தத்தைத் தனியாகத் தூக்கிக்கொள்ளலாம் என்பது
எனக்குப் பிடித்திருந்தது.
எண்பத்தெட்டு வேண்டாமாக்கா என்றான்.
கீழே ஏழு, மேலே எட்டு,
கல்யாண வரவேற்பில் அங்கெல்லாம்
என் கை போனதே இல்லை.
எழுபத்து மூன்று போதும்.

அட்டையில் பத்து கிலோ என்று போட்டிருந்தது.
அட்டையை நம்பி ஒரு முதுகு ஏற்கெனவே போயிற்று.
வழியில் நெல் கொள்முதல் நிலையத்தில் இறங்கினேன்.
பில் போடும் மணிமொழி என்னோடு படித்தவள்.
மாசி வெயிலில் மூட்டைகள் வரிசையில் கிடக்க
இரண்டு மூட்டைக்கு நடுவே தராசில் ஏற்றினாள்.
பெடல், ஒயர், உறை எல்லாம் சேர்த்து
பதினொரு கிலோ அறுநூறு.
'சாக்குக்கு அறுநூறு கழிச்சுடுறேன்.
ஈரப்பதம் பாக்கவா?' என்று
கருவியைக் கையில் எடுத்தே விட்டாள்.

சுமை தூக்கும் பக்கிரிசாமி வந்து
ஒற்றைக் கையால் தூக்கினார்.
'ஒண்ணுமே இல்லியேம்மா, பஞ்சு.'
கீழே வைத்து உறையை விலக்கி,
காலையிலிருந்து இருநூறு மூட்டை ஏற்றிய கையின்
ஒரு விரலால்
இடது ஓரக் கட்டையை அமுக்கினார்.
டொக்.
விரலை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.
'இது என்ன, இந்தக் கனம் கனக்குது!'

அப்போதே முடிவாகிவிட்டது.

முதல் கச்சேரி கோட்டூர்ப் பக்கம்,
அறுத்த வயலில் மேடை.
தாள்கட்டை குத்தாமல் இருக்க
முன்வரிசை செருப்போடு உட்கார்ந்திருந்தது.
மூன்றாவது பாட்டில் ஜெனரேட்டர் நின்றது.
விசில். கூச்சல். டீசல் கேனோடு யாரோ ஓடினார்கள்.
லேப்டாப்பில் மட்டும் உயிர் இருந்தது,
என் ஹெட்ஃபோனிலும்.
நான் நிறுத்தவில்லை.
டிரம்ஸ் நிர்மலுக்கு என்னிடமிருந்து கேட்டதெல்லாம்
இருட்டில் டொக் டொக்.
எனக்கு மட்டும் முழுசாகக் கேட்டது.
பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக
என் இடக்கையை நான் கேட்டேன்.
அது கொஞ்சம் பிந்துகிறது.
யாரும் சொன்னதில்லை.

விடியலில் முதல் பேருந்து.
நடத்துநர் பையை ஒரு பார்வை பார்த்தார்,
லக்கேஜ் கேட்கவில்லை.
பாமணி ஆற்றுப் பாலம் தூக்கிப்போட்டபோதும்
முதுகு சும்மா இருந்தது.
இடக்கைச் சுண்டுவிரல்தான்
விண்விண்ணென்று வலித்தது.
தொடையில் வைத்து அதையே
மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டு வந்தேன்,
கொஞ்சம் முந்தி.
இன்னும் கொஞ்சம் முந்தி.