ரெண்டு நூல் வாட்டம்

போன மாதம்வரை உர மூட்டை அடுக்கிய அறை.
யூரியா தின்ற சிமெண்ட் தரை
விரல் பட்டால் மாவாகும்.
தென்னைக்கு நடுவில் தகரக் கூரை,
ஒற்றைச் சன்னல்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று
எங்களைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

தூசி ஆகாதுங்க என்றாள்
கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ்.
கழுவுகிற மாதிரித் தரை,
ஆடு கோழி முட்டித் திறக்காத கதவு,
கட்டில், தலைமாட்டில் கொக்கி,
கொக்கியில் இரண்டு லிட்டர் பை.
வயிற்றுக்குள் விட்டு, வைத்திருந்து,
வெளியே எடுக்க வேண்டும்.
நாளைக்கு நாலு தடவை.
மூன்றாவது தடவை எத்தனை மணிக்குங்க என்று கேட்டார் இவர்,
மும்முனைக் கரண்ட் வரும் நேரத்தை
மனசுக்குள் கூட்டிக் கழித்தபடி.

டைல்ஸ் ஒட்டுகிற கருணைவேல்
பொங்கல் போகட்டுங்க்கா என்றான். போனது.
பழனிக்கு நடக்கறேனுங்க்கா என்றான்.
நடக்கட்டும்.
உடுமலையில் பல் வைத்த கரணை ஒன்று வாங்கினேன்,
முட்டிக்குக் கட்ட ரப்பர்,
கடைசி லாட்டில் மிஞ்சிய பதினோரு பெட்டிக் கல்.
அதில் இரண்டு பெட்டி நிறம் சேரவில்லை.
அவை கட்டிலுக்கு அடியில்.

பசை மூட்டையின் முதுகில் எழுதியிருந்தது,
ஐந்து டிகிரிக்குக் கீழே ஒட்டக் கூடாதென்று.
எங்கள் தளிப் பக்கம்
எந்தத் தைப் பனிக்கும் அத்தனை துணிச்சல் இல்லை.
சித்திரையில் இந்தத் தகரத்துக்கு அடியில்
என்ன நடக்கும் என்று
அந்த முதுகில் ஒரு வரியும் இல்லை.

எனக்குத் தெரியும்.
எங்கள் அக்கா வீட்டில் ஒரு மத்தியானம்
படார் என்று சத்தம்.
ஓடிப் போய்ப் பார்த்தால்
எட்டுக் கல் ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளிக்
கூடாரம்போல எழுந்து நிற்கிறது.
நெருக்கி ஒட்டினால் அப்படித்தான்.
நான் இடம் விட்டேன்.
கல்லுக்கும் கல்லுக்கும் மூன்று மில்லி,
சுவரோரம் சுண்டுவிரல் கனம்.

பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்து
ரசமட்டம் வைத்தார்.
கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது,
பார்க்கலாம்.
"பத்தாது புள்ள.
மூலைக் குழாய்க்கு இன்னும் ரெண்டு நூல் எறங்கோணும்."
ரப்பர் சுத்தியலால் தட்டினேன்.
"தரைக்கு வாட்டம் இருந்தாத் தண்ணி போகும்.
ஆளுக்கு வாட்டம் வந்தாப் பாரு,
தண்ணி உள்ளயே நின்னுக்குது."
சொல்லிவிட்டு வீங்கிய கணுக்காலைத்
தானே விரலால் அமுக்கினார்.
குழி விழுந்தது. நிதானமாக நிரம்பியது.
நான்தான் முதலில் சிரித்தேன்.
கரணையிலிருந்த பசை இறுகிவிட்டது.
வழித்துப் போட்டுவிட்டு வேறு குழைத்தேன்.

தேங்காயைத் தட்டி நீர் சொல்கிற கை அது.
ஒட்டி முடித்த வரிசையில்
கணுவிரலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார்.
ஏழாவதில் நின்றது.
"இது கூடு."
பெயர்க்கலாம்தான். பெயர்த்தால்
பக்கத்துக் கல்லும் அசையும்.
நாலைந்து தடவை தட்டிப் பார்த்தோம்.
கட்டில் கால் படாத இடம்.
விட்டுவிட்டோம்.

சாயங்காலம் பின்வாங்கிப் பின்வாங்கி
வாசல்படிவரை வந்து
கடைசிக் கல்லை இறக்கினேன்.
முட்டி பிரிந்துவிடும்போல் இருந்தது.
நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்,
ரசமட்டம் அந்தக் கோடி மூலையிலேயே கிடந்தது.
ஒரு பகல் ஒரு ராத்திரி
யாரும் கால் வைக்க முடியாது.

ராத்திரி சன்னல் வழியாக டார்ச் அடித்தேன்.
பனியில் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது.
குமிழ் எந்த இடத்தில் நிற்கிறதென்று
எனக்குத் தெரியவில்லை.
அவருக்குத் தெரிகிறதாம்.
"சரியா இருக்குது புள்ள."

கிணற்றுமேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது,
மூன்று முனையும் வந்துவிட்டது.
டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு
மோட்டார் போடப் போனார்.