ஏழாம் எண் அறைக்கு வெளியே

கிசி நகர் ஆஸ்பத்திரியில்
ஏழாம் எண் அறை வாசலில் ஒரு பச்சை பெஞ்ச்.
பதினோரு வருஷமாக என்னைத் தெரியும் அதற்கு.
இன்றுதான் முதல் தடவை
உள்ளே இருப்பது நான் இல்லை.

அவருடைய தொப்பி என் மடியில்.
தேயிலைக் கறை போகாத விரல்களால்
படிவத்தை நிரப்பிவிட்டுப் போனார்.
பெயர் மொசோட்டி. வயது நாற்பத்தொன்று.
பிள்ளைகள் என்ற கட்டத்தில்
நான்கு என்று எழுதி,
ஐந்து என்று திருத்தி,
மறுபடி நான்காக்கினார்.
அந்த ஒன்றைப் பற்றி
நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

முதலில் மாத்திரை.
சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன்.
அப்புறம் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று.
ஒரு மழைக்காலம் முழுக்க
உதிரம் நிற்கவில்லை எனக்கு,
வயலுக்கு இரண்டு பாவாடை கட்டிக்கொண்டு போனேன்.
பிறகு கைத்தோலுக்கு அடியில்
தீக்குச்சி நீளத்தில் ஒரு குச்சி.
அதோடுதான் கொழுந்து கிள்ளினேன்,
அதோடுதான் அவர் பக்கத்தில் படுத்தேன்.

மாமனார் நிலத்தைக் கயிறு போட்டு அளந்த அன்று
ஆறு மகன்களும் வரிசையாக நின்றார்கள்.
எங்களுக்கு விழுந்தது
ஒரு மணத்தக்காளிப் பாத்தி, எட்டு வாழை,
பசு திரும்பினால் கொம்பு
அடுத்த பங்காளியின் வேலியில் இடிக்கும் அளவு மண்.
சாப்பாட்டில் கை வைக்காமல்
வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.
அன்றிரவு இருட்டில் கேட்டார்:
'அந்தக் குச்சி உனக்கு எந்தக் கையில்?'

ஆறு வருஷம் கழித்து.

இடது கையை நீட்டினேன்.
தடவிப் பார்த்தார்.
முள் தைத்த இடத்தைத் தொடுவது போல,
எடுக்கத் தெரியாதவன் தொடுவது போல.

அதற்கப்புறமும்
சோளம் இரண்டு முறை விளைந்தது.
ஆண்களுக்குத் துணிச்சல் வர
அத்தனை வெயில் வேண்டியிருக்கிறது.

'காயடித்த காளை ஏர் இழுக்க மட்டுந்தான் ஆகும்'
என்று சிரித்தான் அவர் தம்பி ஒங்கேரி.
'ஏரைத் திருப்ப இடம் எங்கே இருக்கிறது, கொழுந்தனாரே?'
என்று கேட்டேன்.
அவன் மனைவி பாஸ்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.
இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று அவளுக்கு.
இன்று விடியலில் என்னை வேலியோரம் மறித்து
'ரொம்ப வலிக்குமாமா?' என்றாள்.
'யாருக்கு?' என்றேன்.
பதில் சொல்லவில்லை.

கதவு திறக்கிறது.
அரை மணி நேரம்கூட ஆகவில்லை.
சேற்றில் நடப்பவரைப் போலக்
காலை அகட்டி அகட்டி வருகிறார்.
பெஞ்சிலிருந்த பெண்கள் நகர்ந்து இடம் விடுகிறார்கள்.
ஒருத்தி தன் கைக்குழந்தையை
வேறு பக்கம் மாற்றிக்கொள்கிறாள்.

நர்ஸ் என்னிடம் சொல்கிறாள்:
'மூன்று நாள் பாரம் தூக்கக் கூடாது.'
தலையாட்டுகிறேன்.
நான் பிரசவித்த மூன்றாம் நாள்
தண்ணீர்க்குடம் யார் தூக்கியது என்று
அவரும் யோசித்திருக்க வேண்டும்,
தொப்பியை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

'மூன்று மாதம் கழித்து ஒரு பரிசோதனை.
அதுவரைக்கும் கவனமாக இருங்கள்.'

சரி, அதுவரைக்கும்
இந்தக் குச்சி இருந்துவிட்டுப் போகட்டும்.

வெளியே மட்டாட்டு ஹாரன் அடிக்கிறது.
எப்போதும் எனக்குப் பத்தடி முன்னால் போகிறவர்
பின்னாலிருந்து கூப்பிடுகிறார்:
'நியாபோக்கே, கொஞ்சம் மெதுவா.'