முப்பது நடை

மணலியில் டிரம் சுற்றத் தொடங்கியபோது
இரவு ஒன்பது பத்து.
சலானில் எழுதியிருந்தது:
ஆறு கன மீட்டர், எம் இருபத்தைந்து.
எழுதாமல் விட்டது: இரண்டு மணி நேரம்.
அதற்குமேல் அது கலவை இல்லை, கல்.

போன மாசம் கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயில் ஒன்று நின்று யோசித்தது.
ஐம்பத்தெட்டுப் பெட்டி. எண்ணினேன், வேறென்ன செய்ய.
அன்றைக்கு டிரம்முக்குள் இறுகியதை
மூன்று நாள் உளி வைத்து உடைத்தார்கள்.
அதனால் இந்த முறை
கேட்கீப்பருக்குச் சாயங்காலமே போன்.
"பத்துக்கு மூடிருவேன். அதுக்குள்ள வந்தா உன் சமர்த்து."
ஒன்பது ஐம்பதுக்குத் தண்டவாளத்தைத் தாண்டியது லாரி.
என் சமர்த்து அவ்வளவு தூரம் வந்தது.

மணலியிலிருந்து இருசப்பன் தோட்டம்
ஒன்பது கிலோமீட்டர்.
மெயின் ரோட்டிலிருந்து மூன்றாவது சந்தின் கடைசி வீடு
இருநூற்றுப் பத்து அடி.
எனக்குச் சம்பளம் அந்த இருநூற்றுப் பத்து அடிக்கு.

கம்பி தோளில் போகும்.
எட்டு எம்எம் வளைந்து கொடுக்கும்,
பதினாறு எம்எம் திருப்பத்தில்
யார் வீட்டு ஜன்னலையாவது கேட்கும்.
செங்கல் தலையில், ஆளுக்குப் பன்னிரண்டு.
கான்கிரீட்டுக்குத் தலை போதாது, மீன்பாடி வண்டி.
காலையில் காசிமேட்டில் சங்கரா ஏற்றிய தட்டை
நாலு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி
தகரத் தொட்டி வைத்தோம்.
ஐந்து வண்டி, வண்டிக்கு ஆறு நடை,
முப்பது.
பேப்பரில் சரியாக வந்தது.
பேப்பரில் சந்து காலியாக இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு
துலுக்காணம் நடந்தே திரும்பி வந்தார்.
"ஜெசிந்தா, பந்தல் போட்டிருக்காங்க."
கல்யாணம் என்றால் பேசிக்கொள்ளலாம்.
ஐஸ் பெட்டி.
ஏழு மணிக்குப் போயிருக்கிறார்,
எண்ணெய்க் கம்பெனியில் ரிடையரான சேஷாசலம்.
சாமியானாவின் கால்கள் நாலும் என் வழியில்.
பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெண்கள்.
பின்னால், ரோட்டில், டிரம் சுற்றிக்கொண்டிருந்தது.

எழவு வீட்டில் மணி பார்ப்பது
எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும்.
பார்த்தேன். பத்து பதினேழு.

அவர் மகள் எழுந்து வந்தாள்.
அழுது தீர்ந்த குரல், கணக்குக் கேட்கும் குரல்.
"எத்தினி லோடு?"
"முப்பது நடை."
"இஞ்சின ஆஃப் பண்ணிட்டுத் தள்ளுவீங்களா?"

தள்ளினோம். வண்டிக்கு மூன்று பேர்.
நாற்காலிகளை மடித்தார்கள், இரண்டு கம்பத்தைப் பிடுங்கினார்கள்.
பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலரை அடி,
வண்டி நாலே கால்.
ஒரே ஒரு தொல்லை:
பெட்டியின் கரன்ட் வயர்
சந்துக்குக் குறுக்கே எதிர்வீட்டுக்குப் போனது.
அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டு
வண்டி வரும்போதெல்லாம் வயரைத் தூக்கிப் பிடித்தாள்.
போக முப்பது. வர முப்பது.
ஒரு தரம்கூட யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எட்டாவது நடையிலோ ஒன்பதாவதிலோ
சாவுக்கு வந்த யாரோ ஒருவர்
சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு
வண்டிக்குப் பின்னால் கை கொடுத்தார்.
கூலி கேட்கவில்லை, பெயரும் சொல்லவில்லை.
அவர் கையிலிருந்த சாக்கடைக் கல் மோதிரம் மட்டும்
கலவையில் சாம்பல் பூசிக்கொண்டது.

கடைசித் தொட்டி கவிழ்ந்தபோது பதினொன்று இருபது.
பத்து நிமிடம் அதிகம். கலவை பொறுத்துக்கொண்டது.

லாரி டிரைவர் பாரத்தை நீட்டினான்.
தாமதத்துக்குக் காரணம்:
ரயில்வே கேட், மழை, போலீஸ், சைட் தயாரில்லை.
இதற்குக் கட்டம் இல்லை.
ரயில்வே கேட்டில் டிக் அடித்தேன்.

நாளை மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.
எம்-சாண்ட் லோடை ஐந்துக்கு மாற்றிவிட்டேன்.
சந்து முழுக்கப் பூ மிதிபட்டுக் கிடக்கும், வழுக்கும்.
துலுக்காணத்திடம் சொல்ல வேண்டும்.